ரெக்கவரி சப்ளிமென்ட்: டப்பா வாங்கும் முன் ஒரு கேள்வி

கால் பயிற்சி முடித்த அன்று யாரும் சப்ளிமென்ட் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாம் நாள்தான் பேச்சு வரும். மாடிப்படி ஏறுவதை எப்படியோ சமாளித்துவிடலாம், இறங்கும்போதுதான் தெரியும். கைப்பிடியை இறுகப் பிடித்து, முழங்காலை மடக்கப் பயந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். நாற்காலியில் உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரம் தொபுக்கென்று விழுவார்கள். அந்த நிலையில் ஜிம்முக்கு வரும் புதுப் பையன்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ரெக்கவரிக்கு எது நல்லது? எதை வாங்கலாம்?"

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "வலி குறையணுமா, அதே வெயிட்டைத் தூக்குற பலம் சீக்கிரம் திரும்பணுமா, இல்ல தசை வளரணுமா?"

"மூணும் ஒண்ணுதானே அண்ணா?"

இல்லை. மூன்றும் வேறு வேறு. சில நேரம் ஒன்றுக்கொன்று எதிராகவும் நிற்கும். வலியைக் குறைக்கிற பொருள் தசை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடலாம். தசை வளரத் துணை நிற்கும் பொருள் வலியைத் துளியும் குறைக்காமல் இருக்கலாம். டப்பாவின் முகப்பில் கொட்டை எழுத்தில் 'ரெக்கவரி' என்று போட்டு மூன்றையும் சேர்த்தே விற்கிறார்கள். வாங்குகிறவர் தனக்கு எது வேண்டும் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் பணம் போகும். சில சமயம் பட்ட பாட்டின் பலனும் சேர்ந்து போகும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வலியைப் பற்றி. "லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்ற பேச்சு எல்லா ஜிம்மிலும் உண்டு. பயிற்சியின்போது உருவாகும் லாக்டேட், ஓய்வு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற உடலியல் ஆய்வாளர், தாமதமாக வரும் இந்த வலி தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களோடு தொடர்புடையது என்று எழுதிவிட்டார். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அசைவுகள்தான் இதை அதிகம் கிளப்பும்: ஸ்குவாட்டில் கீழே இறங்கும் கட்டம், டம்பெல்லை மெதுவாக இறக்கும் கட்டம், சரிவில் இறங்கி ஓடுவது. நார்களில் சிறு சேதம், அதைத் தொடர்ந்து அழற்சி, நரம்பு முனைகள் கூச்சம் கொள்வது எல்லாம் சேர்ந்து, பயிற்சி முடிந்து 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். பிறகு தானாகவே இறங்கும்.

தானாகவே இறங்கும் என்பதுதான் சப்ளிமென்ட் வியாபாரத்துக்குக் கிடைத்த பெரிய வரம். முதல் வாரம் உயிர் போகிற வலி. மூன்றாம் நாள் ஒரு டப்பா வாங்கிக் குடிக்கிறோம். ஐந்தாம் நாள் வலி இல்லை. அடுத்த வாரம் அதே பயிற்சியைச் செய்தால் பாதி வலிகூட இல்லை. டப்பா வேலை செய்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரே பயிற்சியை இரண்டாம் முறை செய்யும்போது சேதமும் வலியும் வெகுவாகக் குறைவது தசையின் இயல்பு. முதல் முறை வாங்கிய அடியிலிருந்தே அது தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். எதையும் குடிக்காதவருக்கும் இதேதான் நடக்கும். "எனக்கு வேலை செஞ்சுது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. எதுவும் குடிக்காத இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை, அவ்வளவுதான். பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி, கொடுத்த குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளை நான் விடாப்பிடியாகத் தேடிப் படிப்பது இதற்காகத்தான்.

வலியை அளவுகோலாக வைத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றாகப் போவதில்லை. வலி முழுக்கப் போன பிறகும் பலம் குறைந்தே இருக்கலாம்; லேசான வலி இருக்கும்போதே பலம் முழுதாகத் திரும்பியிருக்கலாம். தசை தேறியதா என்று பார்க்க நான் நம்புவது பயிற்சி நோட்டைத்தான். போன வாரம் என்ன எடை, எத்தனை ரெப் (அதாவது எத்தனை முறை தூக்கினேன்), கடைசி செட்டில் எவ்வளவு திணறினேன் என்பதைக் கையால் எழுதி வைக்கிறேன். இந்த வாரம் அதே எடை அதே ரெப்புக்கு வருகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். புரோட்டீனிலிருந்து தொடங்குவதே முறை.

சேதமான நாரைச் சரிசெய்து முன்பைவிட வலுவாகக் கட்ட உடம்புக்குப் புரோட்டீனின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் வேண்டும். எவ்வளவு என்பதற்கு இன்று ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. 2018-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எடைப் பயிற்சி செய்த 1,863 பேர் கலந்துகொண்ட 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரோட்டீன் கூடக்கூடத் தசை வளர்ச்சியில் பலன் தெரிந்தது. சராசரியாக அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 112 கிராம். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் 2.2 கிராம் வரை போகிறவர்களையும் தவறு என்று சொல்ல மாட்டேன். அதைத் தாண்டி 3, 4 கிராம் என்று ஏற்றுவதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஆகவே, பவுடர் வாங்கலாமா என்று கேட்கிறவரிடம் நான் கேட்பது, ஒரு நாளைக்குச் சாப்பாட்டிலிருந்து எத்தனை கிராம் புரோட்டீன் போகிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. இரண்டு மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எடை போட்டு எழுதிக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். 112 தேவை, 85 வருகிறது என்றால் பள்ளம் 27 கிராம். டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் ஒரு ஸ்கூப் போட்டால் அது ஏறக்குறைய நிரம்பிவிடும். 115 ஏற்கெனவே வருகிறது என்றால் பவுடர் தேவையே இல்லை. பாலோ, முட்டையோ, மீனோ, பயறோ, அந்த வேலையை அவை முடித்துவிட்டன. பவுடருக்குத் தனி மகிமை கிடையாது. அது வசதி. சமைக்க நேரமில்லாதவருக்கும், பயிற்சி முடிந்ததும் சாப்பாடு இறங்காதவருக்கும், இறைச்சியும் முட்டையும் சாப்பிடாதவருக்கும் அது உண்மையிலேயே பெரிய வசதி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இந்த நேரக் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தது. நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தப் புரோட்டீனைக் கணக்கில் சேர்த்ததும், நேரத்தால் வந்ததாகத் தோன்றிய பலன் காணாமல் போயிற்று. பயிற்சிக்கு முன்போ பின்போ சில மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு இருந்தால் போதும். ஒரு வேளைக்கு 20 முதல் 40 கிராம் வரை, நாளில் மூன்று நான்கு வேளையாகப் பிரிப்பது நல்லது. வயதானவர்களுடைய தசை அமினோ அமிலங்களுக்குச் சற்று மந்தமாகவே பதில் சொல்லும். அவர்கள் ஒரு வேளைக்கான அளவை அந்த வரம்பின் மேல்பக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு புரோட்டீனும் இரண்டாம் நாள் வலியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குச் சீரான சான்று இல்லை. புரோட்டீனின் வேலை கட்டுமானம்.

எந்தப் புரோட்டீன்? வே புரோட்டீன் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. கான்சென்ட்ரேட் வகையில் எடையில் 80 சதவீதம் வரை புரோட்டீன் இருக்கும். ஐசோலேட் வகையில் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறவருக்கு ஐசோலேட் நல்லது. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையால் தசையில் ஒரு வித்தியாசமும் வராது. பாலின் இன்னொரு புரோட்டீனான கேசீன் மெதுவாகச் செரிக்கும். சோயா, பட்டாணிப் புரோட்டீன்களும் நல்லவையே. தசை கட்ட முக்கியமான லூசின் என்ற அமினோ அமிலம் சற்றுக் குறைவு என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும். கொலாஜன் பவுடரை மட்டும் தசைக்காக வாங்காதீர்கள். உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் டிரிப்டோபேன் அதில் இல்லவே இல்லை, லூசினும் குறைவு. தசைநாண், மூட்டுக்கு அது உதவலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது வேறு தேவை.

இப்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்போம். முன்பக்கம் விளம்பரம், விஷயம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் வரியில் ஒரு ஸ்கூப் எத்தனை கிராம் என்று இருக்கும். 33 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே புரோட்டீன் 24 கிராம். 24-ஐ 33-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 73 சதவீதம். நல்ல பவுடர். பக்கத்தில் இருக்கும் இன்னொரு டப்பாவிலும் புரோட்டீன் 24 கிராம்தான். ஆனால் ஸ்கூப் 45 கிராம். 53 சதவீதம்தான் தேறுகிறது. மீதி எங்கே போயிற்று? சேர்மானப் பட்டியலைப் படித்தால் தெரியும். அதிக எடையில் சேர்த்தது முதலில் வரும். இரண்டாம் இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ சர்க்கரையோ உட்கார்ந்திருக்கும்.

அதே பட்டியலில் கிளைசின், டாரின், குளுட்டமின் என்று அமினோ அமிலங்களைத் தனித்தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதில் ஒரு பழைய தந்திரம் ஒளிந்திருக்கிறது. உணவில் புரோட்டீன் எவ்வளவு என்று நேரடியாக அளப்பதில்லை. 1883-இல் டென்மார்க் வேதியியலாளர் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிப் புரோட்டீன் என்று கணக்கிடுகிறார்கள். கிளைசின் மலிவு, அதில் நைட்ரஜன் நிறைய. அதை அள்ளிக் கொட்டினால் சோதனையில் புரோட்டீன் அளவு ஏறும், தசைக்கு வேண்டியது ஏறாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி லூசின் அளவு. வே புரோட்டீனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு லூசின். 24 கிராம் புரோட்டீன் என்று சொல்லும் டப்பாவில் லூசின் இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும். மிகவும் குறைவாக இருந்தாலோ, அமினோ அமில அட்டவணையே இல்லாமல் இருந்தாலோ நான் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன். 'எங்கள் சிறப்புக் கலவை 8 கிராம்' என்று மொத்த எடையை மட்டும் சொல்லி, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாக்களுக்கும் அதே கதிதான்.

பி.சி.ஏ.ஏ. பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செட்டுக்கு நடுவே வண்ணத் தண்ணீரை உறிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் குடிப்பது அதைத்தான். லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள். லூசின் தசைக் கட்டுமானத்தைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை என்பது உண்மை. ஆனால் கட்டி முடிக்க ஒன்பதும் வேண்டும். மற்ற ஆறும் வெளியிலிருந்து வராவிட்டால், இருக்கிற தசையைச் சிதைத்துத்தான் உடம்பு அவற்றை எடுக்க வேண்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தவர்களுக்குத் தசைப் புரோட்டீன் உருவாகும் வேகம் பிளாசிபோ குடித்தபோது இருந்ததைவிட 22 சதவீதம் கூடியது. விளம்பரத்தில் இந்த எண் வரும். அதே அளவு பி.சி.ஏ.ஏ. இயல்பாகவே அடங்கிய வே புரோட்டீனுக்கு முன்பு கண்ட உயர்வில் இது ஏறக்குறைய பாதிதான் என்ற அடுத்த வரி வராது. சில ஆய்வுகளில் பி.சி.ஏ.ஏ. வலியைச் சற்றுக் குறைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தினசரி புரோட்டீனைச் சரியாக வைத்திருப்பவருக்குத் தேவையான பி.சி.ஏ.ஏ. சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. ஏற்கெனவே வே குடிக்கும் பையன் பி.சி.ஏ.ஏ.-வும் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்வேன்.

குளுட்டமினும் அப்படித்தான். கடுமையான தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை போன்ற மருத்துவ நிலைமைகளை ஒட்டி அது பேசப்பட்டது. ஆரோக்கியமாகப் பயிற்சி செய்கிறவருக்கு அது தசையை வளர்ப்பதாகச் சான்று இல்லை.

கிரியேட்டின் கதை வேறு. 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. நம் உடம்பும் தானாகவே தயாரிக்கிறது. கடும் முயற்சியின் முதல் சில நொடிகளில் தசைக்கு ஆற்றலைத் திரும்பத் திரும்ப நிரப்பித் தரும் சேமிப்பு அது. வாயால் சாப்பிடும் கிரியேட்டின் தசையில் போய்ச் சேர்ந்து இருப்பைக் கூட்டுகிறது என்று 1992-இல் ரோஜர் ஹாரிஸ் குழுவினர் காட்டினார்கள். அதன்பின் இவ்வளவு விரிவாகச் சோதிக்கப்பட்ட விளையாட்டுச் சப்ளிமென்ட்கள் மிகச் சிலவே. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும் எடுக்கலாம். தொடக்கத்தில் ஒரு வாரம் நாளுக்கு 20 கிராமைப் பிரித்து எடுப்பது ஒரு முறை. அவசரமில்லாதவர் 3 கிராமையே தொடர்ந்தால் நான்கு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டாவது வழி வயிற்றுக்கும் நல்லது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே போதும். வேறு வேறு பெயரில் விலை கூட்டி வரும் வகைகள் இதைவிட மேல் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

ரெக்கவரிக்கு இது எப்படி உதவும்? வலி மாத்திரைபோல அல்ல. செட்டுகளுக்கு இடையே தசை விரைவாக மீள்கிறது; ஒன்றிரண்டு ரெப் கூடுதலாக வருகிறது; வாரக்கணக்கில் அது பயிற்சியின் மொத்த அளவைக் கூட்டுகிறது. தசை தண்ணீரைப் பிடித்துவைப்பதால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். அது கொழுப்பு இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது சிதையும்போது உருவாகும் கிரியாட்டினின்தான் சிறுநீரகச் சோதனையில் அளக்கப்படுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே எண் சற்று உயர்ந்து தெரியலாம், வீண் பதற்றம். அதே சமயம், ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினையோ அதிகப் புரோட்டீனையோ தொடவே கூடாது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலியை அடக்கும் பொருள்களைப் பற்றியது.

பயிற்சிக்குப் பின் வரும் அழற்சியையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் (செல்களைத் தாக்கக்கூடிய மூலக்கூறுகள் பெருகுவதை) எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றை ஒடுக்கினால் சீக்கிரம் தேறலாம் என்று ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளை அள்ளிப் போடுகிறார்கள். ஆனால் உடம்பு வலுவாக மாற வேண்டும் என்ற செய்தியைத் தசைக்குக் கொண்டு போவதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்கு நான்கு வாரப் பயிற்சியோடு தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். வெறும் பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்கும் திறன் கூடியது. மாத்திரை போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2014-இல் நார்வேயில் ஓட்டப் பயிற்சி செய்தவர்களிடம் அதிக அளவு சி, ஈ கொடுத்துப் பார்த்தபோது, செயல்திறன் இரு தரப்பிலும் ஒரே மாதிரி கூடியது. ஆனால் தசைக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மாத்திரைக் குழுவில் மந்தமாக இருந்தன. பழம், காய்கறியில் வரும் அளவுக்கு இது பொருந்தாது. மாத்திரையில் வரும் பெரிய அளவுகளைத்தான் சொல்கிறேன்.

வலி மாத்திரை இன்னும் நேரடியான உதாரணம். 2018-இல் ஸ்வீடனில் இளைஞர்களை எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்து, ஒரு குழுவுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் இப்யூபுரோஃபனும் இன்னொரு குழுவுக்கு மிகக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் குழுவின் தொடைத் தசை வளர்ச்சி, இப்யூபுரோஃபன் குழுவின் வளர்ச்சியைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. முதியவர்களிடம் செய்த ஆய்வில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தசை வளர வேண்டும் என்று வியர்வை சிந்தும் இருபது வயதுப் பையன், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வலி மாத்திரை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தான் கேட்டு வாங்கிய பலனில் ஒரு பங்கைத் தானே திருப்பிக் கொடுக்கிறான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் ஆபத்து தனி.

அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் பொருள்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, இடம் தெரிந்து பயன்படுத்தினால். புளிப்புச் செர்ரி சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மராத்தானுக்குச் சில நாள் முன்னும் பின்னும் அதைக் குடித்தவர்களுக்குத் தசை பலம் வேகமாகத் திரும்பியது. போட்டித் தொடரின் நடுவில் இருக்கும் கால்பந்து வீரருக்கு இது பொருத்தம். நாளை மறுநாள் அவர் மீண்டும் ஆட வேண்டும். அந்த வாரம் அவருக்குத் தசை வளர்வது முக்கியமில்லை, ஓட முடிவதுதான் முக்கியம். அதே சாற்றை, போட்டி எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் தசை வளர்க்கப் பயிற்சி செய்கிறவர் தினமும் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினும் சில சிறு ஆய்வுகளில் வலியைக் குறைத்திருக்கிறது. குடல் அதை எளிதில் உறிஞ்சாது என்பதால் எல்லா மாத்திரையும் ஒன்றுபோல வேலை செய்யாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் குர்குமினோ அதிக அளவு மீன் எண்ணெயோ எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வைட்டமின் டி, மெக்னீசியம் போன்றவற்றை நான் ரெக்கவரிப் பொருளாகவே பார்ப்பதில்லை. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது தசைக்கும் நல்லது, எலும்புக்கும் நல்லது. குறைபாடு இல்லாவிட்டால் கூடுதலாகப் போடுவதால் கூடுதல் பலன் இல்லை. டி கொழுப்பில் கரைவது, உடம்பில் தேங்கும். அளந்து பார்த்துவிட்டு எடுங்கள். மாவுச்சத்து பற்றியும் ஒரு வரி: அதே நாளில் எட்டு மணி நேரத்துக்குள் இன்னொரு கடும் பயிற்சி இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் முதல் நான்கு மணி நேரம் சாப்பிடுவது தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைகோஜனை வேகமாக நிரப்பும். அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால் வழக்கமான சாப்பாடே போதும்.

டப்பாவில் எழுதாத ஒன்று உள்ளே இருக்கலாம் என்ற ஆபத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகர ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடம் 13 நாடுகளிலிருந்து ஹார்மோன் கலக்காதவை என்று விற்கப்பட்ட 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், முகப்பில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. போட்டியில் கலந்துகொள்கிறவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. உடம்பில் தடை செய்த பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாது என்பது விதிகளின் முன் நிற்காது. போட்டிக்குப் போகாதவருக்கும், தெரியாத ஹார்மோன் உடம்புக்குள் போவது நல்லதில்லையே. 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்', 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' போன்ற மூன்றாம் தரப்புச் சோதனை முத்திரை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது இதற்கு ஓரளவு காப்பு. முத்திரை படத்தை யாரும் அச்சிடலாம் என்பதால், அந்த நிறுவனங்களின் இணையதளத்தில் பெயரைத் தட்டி ஒருமுறை சரிபார்த்துவிடுவேன். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் சப்ளிமென்ட்களைச் சான்றின் வலுவை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரித்து வைத்திருக்கும் பட்டியலும் நல்ல துணை. கிரியேட்டின் அதில் ஏ பிரிவு, தடை செய்யப்பட்டவையும் கலப்பட ஆபத்து அதிகமுள்ளவையும் டி.

எதை வாங்கினாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்று டப்பாவைச் சேர்த்துத் தொடங்கினால், நன்மையோ வயிற்றுக் கோளாறோ எது வந்தாலும் எதனால் என்று தெரியாது. ஆறு முதல் எட்டு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். எண்கள் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனாலும் எழுதுவேன். 2021-இல் வெளியான ஆய்வில் ஓர் இரவு முழுக்கத் தூங்காமலிருந்ததற்கே தசைப் புரோட்டீன் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்குப் பின் புரோட்டீன் குடித்தாலும் கூடவே நிறைய மது குடித்தால் அந்த வேகம் 24 சதவீதம் குறைகிறது என்று 2014-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கும் அளவுக்கு எந்த டப்பாவிலும் எதுவும் இல்லை. இரவு ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு என்னிடம் ரெக்கவரி பவுடர் பெயர் கேட்கிறவருக்கு நான் பெயர் சொல்வதில்லை.

கடைசியாக, எந்த சப்ளிமென்டும் தொடக் கூடாத ஒரு வலி இருக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து முதல் நாளே அளவு மீறிச் செய்தவர்களுக்கும், கடும் வெப்பத்தில் தண்ணீர் இல்லாமல் செய்தவர்களுக்கும் இது வரலாம். தசை தாங்க முடியாமல் வீங்கும், கையை நீட்டவோ காலை மடக்கவோ முடியாது, பலம் அறவே போய்விடும், சிறுநீர் கோலா நிறத்தில் அடர்ந்து போகும். தசை நார்கள் பெருமளவில் உடைந்து உள்ளிருப்பவை ரத்தத்தில் கலக்கும் ராப்டோமயோலிசிஸ் அது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. நிறம் மாறாமலேயும் வரலாம். அந்த நேரத்தில் புரோட்டீன் ஷேக் வேண்டாம், வலி மாத்திரை வேண்டவே வேண்டாம், காலை வரை பொறுத்துப் பார்க்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன பயிற்சி, எப்போது செய்தது, என்னென்ன சப்ளிமென்ட் எடுக்கிறீர்கள் என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்த டப்பாக்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.